திருநாளில் பிறந்தவன்

மன்னார்த் தீவில் பேசாலைப் பஸ்தியாம்பிள்ளைக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் செபஸ்தியாம்பிள்ளை, இளையவள் பிலோமினம்மா. செபஸ்தியாம்பிள்ளை கட்டியது சொந்த மாமன் மகள் பியற்றிஸை. நெருங்கின உறவு என்றபடியால் ஆயரிடம் அனுமதி வாங்கித்தான் தாலி கட்டினார்கள். ஆறு வருடம் வயிறு திறக்கவில்லை. அமலோற்பவ மாதா திருநாளன்று, மார்கழி எட்டாம் திகதி, பியற்றிஸ் கோயிலை முழங்காலில் சுற்றி நேர்த்தி வைத்தாள். அதற்குப் பிறகு கிடைத்த ஒரே மகளுக்கு இம்மாகுலேற் என்று மாதாவின் பெயரையே வைத்தார்கள்.

பிள்ளை பிறந்தது என்னவோ பங்குனி மாதம். ஆனால் அந்த வீட்டில் அவளுடைய பிறந்த நாள் மார்கழி எட்டுத்தான். தகப்பனுக்கும் அப்படியே. அவர் பிறந்தது புரட்டாதியில்; கொண்டாடினது செபஸ்தியார் திருநாளன்று, தை இருபது. பஸ்தியாம்பிள்ளையின் தகப்பன் காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்தில் பெயர் கொண்ட புனிதரின் திருநாள்தான் பிறந்த நாள். அன்றைக்குத்தான் புதுச் சட்டை, அன்றைக்குத்தான் பூசை. ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுதியிருப்பதைக் கலியாணம் பேசும்போது ஒரு தரம் எடுத்துப் பார்ப்பார்கள், மூடி வைப்பார்கள்.

இந்த வழக்கத்தைச் செபஸ்தியாம்பிள்ளை லண்டனுக்கும் கொண்டுவந்தார். 1986ஆம் ஆண்டு, வேறொருவன் கடவுச்சீட்டில் வந்து இறங்கி, விமான நிலையத்திலேயே அகதி என்று கையை உயர்த்தினார். கோட்டுப் போட்ட ஒருத்தி பெயர் கேட்டாள், சொன்னார். பிறந்த திகதி கேட்டாள்.

"ஜனவரி இருபது, நாற்பத்தைந்து."

மகளின் பிறந்த திகதி?

"டிசம்பர் எட்டு, எழுபத்தேழு."

பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் அவருக்குக் கனவிலும் இல்லை. ஒன்றரை வருடம் கழித்து மன்னார் அரசாங்கக் கச்சேரியிலிருந்து அவருடைய பிறப்புப் பத்திரம் எடுத்து அனுப்பினார்கள். அதில் செப்ரெம்பர் இரண்டு என்றிருந்தது. இரண்டு திகதியும் ஒரே ஆளுடையதா என்று கேட்டுக் கடிதம் வந்தது. வழக்கத்தை விளக்கிப் பதில் போட்டார். தன் பிறந்த நாள் தெரியாத மனிதனை நம்ப முடியாது, இது வேறொருவருடைய பத்திரமாக இருக்கலாம் என்று 1989இல் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். அப்பீல் போட்டார். அப்பீல் முடியும் வரைக்கும் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர ஏலாது. மனைவி பிள்ளையைக் கூப்பிடவும் ஏலாது. இருந்த இடத்தில் இருக்கலாம், வேலை செய்யலாம், அவ்வளவுதான்.

இருந்த இடம் லண்டனின் தெற்கு ஓரத்தில் மிச்சம் என்கிற ஊர். வேலை ஒரு நிலவறையில்.

கொலின் என்ற வெள்ளைக்காரன் பழைய அமெரிக்க இசைத்தட்டுகளை வாங்கி விற்கிற கடை அது. மேலே கடை என்று பெயருக்கு ஓர் அறை. வியாபாரம் முழுக்கத் தபாலில். கீழே, பதின்மூன்று படி இறங்கினால், சுவர் முழுவதும் அரக்குத் தட்டுகள். விழுந்தால் பீங்கான் மாதிரி உடையும் சாமான். அவற்றைத் துடைத்து, மட்டையில் வைத்து, வைக்கோலும் பழைய பேப்பரும் அடைத்துக் கட்டுவது செபஸ்தியாம்பிள்ளையின் வேலை. ஊரில் மீன்வலைக்குக் கண் பிடித்த கை, தட்டை நழுவ விடாது. நிலவறைக் கதவுக்கு உள்பக்கம் கைபிடி இல்லை. எப்போதோ கழன்று விழுந்தது, போட ஒருவரும் இல்லை. ஒரு மரக்கட்டையைச் செருகித் திறந்து வைப்பார்கள். குளிர் காலத்தில் கட்டையை எடுத்துவிட்டால் கதவு அடைத்துக்கொள்ளும்; வெளியே வர வேண்டுமென்றால் விளக்குமாற்றுத் தடியால் கூரையில் இடிக்க வேண்டும். கொலின் வந்து திறப்பான். சுவரின் உச்சியில் கம்பி போட்ட ஒரு சின்னக் கண்ணாடி. அதற்குள்ளால் தெருவில் போகிறவர்களின் கால்கள் தெரியும். ஒன்பது வருடத்தில் மிச்சத்து மனிதர்களை அவர் முழங்காலுக்குக் கீழே நன்றாகப் படித்து வைத்திருந்தார்.

கொலினுக்குத் தேத்தண்ணியோடு கதை வேண்டும். படியில் உட்கார்ந்து சொல்லுவான். பாஞ்சோ என்ற வாத்தியம் வெள்ளைக்காரனுடையது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட சனம் சுரைக்குடுவையில் தோல் கட்டிச் செய்தது என்பான். இசைத்தட்டுக் கம்பனிக்காரர் ஒலிப்பதிவு மெசினைக் காரில் ஏற்றி அமெரிக்காவின் தெற்குப் பட்டணங்களுக்குப் போய், ஏதாவது ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் போர்வை தொங்கவிட்டு, மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பங்களைப் பாட வைத்த கதையைச் சொல்லுவான். கண் தெரியாத ஒரு பாட்டுக்காரனின் தட்டைக் காட்டி, "இவன் பிறந்த வருசத்தை நாலு கடதாசியில் நாலு விதமாக எழுதியிருக்கிறார்கள்" என்றான் ஒரு நாள்.

செபஸ்தியாம்பிள்ளை கட்டுவதை நிறுத்தினார்.

"அதுக்காக அவன் அவனில்லை எண்டு ஆரும் சொன்னவையோ?"

கொலின் சிரித்தான். "அவனிடம் யார் கேட்டார்கள்? பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்."

"அவன் குடுத்து வைச்சவன்."

பேசாலையில் செபஸ்தியாம்பிள்ளைக்கும் பாட்டுத்தான் பெயர். பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலத்தில் கோயிலில் பசாம் படிப்பார்கள். கர்த்தர் பாடுபட்ட கதையை இழுத்து இழுத்துப் பாடுவது. எல்லாருக்கும் எழுத்துத் தெரியாது. அதனால் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு வரியைச் சொல்லி நிறுத்துவார், சபை அதை வாங்கி நீட்டிப் பாடும். பிறகு அடுத்த வரி. பதினேழு வருடம் அடியெடுத்துக் கொடுத்தது செபஸ்தியாம்பிள்ளை. இங்கே அதை ஒருவருக்கும் சொன்னதில்லை. ஒரு மழை நாளில் கொலின் போட்ட தட்டில் ஒரு கிழவன் ஒரு வரியை அவசரமாகச் சொல்லி நிறுத்தினான். பின்னால் ஐம்பது அறுபது குரல் அதை வாங்கிக் கடலலை மாதிரி நீட்டியது. அவர் கையிலிருந்த கயிறு கீழே விழுந்தது.

"இது ஆற்ற கோயில்?"

தெற்கில் கறுப்புச் சனத்தின் கோயில் என்றான் கொலின். புத்தகமும் இல்லை, வாசிக்கப் படிப்பித்ததும் இல்லை. ஆகவே ஒருவன் வரி கொடுப்பான், மற்றவர்கள் வாங்குவார்கள். ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்திலும் முந்தி இருந்த பழக்கம், அங்கே போய் வேறொன்றாக வளர்ந்தது.

"எங்கடையும் இதுதான்" என்றார் செபஸ்தியாம்பிள்ளை. கொலின் பாடிக் காட்டச் சொன்னான். "தனிய ஏலாது. வாங்கிறதுக்கு ஆள் வேணும்" என்று கயிற்றை எடுத்துக்கொண்டார்.

இதற்கிடையில் ஊரில் 1990ஆம் ஆண்டுச் சண்டை வந்தது. பேசாலைச் சனம் வீடு வாசலைப் போட்டுவிட்டு ஓடியது. பியற்றிஸும் இம்மாகுலேற்றும் பிலோமினம்மாவும் மடு மாதா கோயில் வளவுக்குள் ஒரு தகரக் கொட்டிலில் ஒதுங்கினார்கள். வெளியே போனால் சண்டை, உள்ளே இருந்தால் சாப்பாட்டுக்கு வரிசை. பியற்றிஸின் கடிதங்கள் குருமார் கைமாறி மூன்று மாதம் பிந்தி வரும். எல்லாவற்றிலும் ஒரு கேள்விதான்: "பிள்ளை வளருது. எப்ப கூப்பிடுவியள்?"

வழக்கைப் பார்த்தவர் கிருஷ்ணமூர்த்தி. யாழ்ப்பாணத்தில் ஒரு பிரக்கிராசி வக்கீலிடம் கிளார்க்காக இருந்தவர், பக்கத்து ரூற்றிங்கில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் தமிழ் வழக்குகளைக் கவனித்தார். வாய் கொஞ்சம் நீளம்.

"செபஸ்தி, உன்ர பிள்ளைக்குப் பதினெட்டு முடியிறதுக்குள்ள காரியம் நடக்க வேணும். பதினெட்டு முடிஞ்சா இவங்கட சட்டத்தில அது பிள்ளை இல்லை, வேறை ஆள். மனிசி வரலாம், பிள்ளை வர ஏலாது."

"காலமிருக்குத்தானே ஐயா."

"உனக்கென்ன, ரெண்டு பிறந்த நாள். உனக்குக் காலம் கிடக்கும்."

1994 ஐப்பசியில் ஒரு நாள் கொலின் சிறைச்சாலைத் தட்டுகள் ஒரு பெட்டி வாங்கி வந்தான். வெயிலில் கோடாலி போடுகிற கைதிகள், போடுகிற போட்டுக்கே தாளம் வைத்துப் பாடினவை. ஒருவன் ஆளுநருக்கு மன்னிப்புக் கேட்டுப் பாட்டுக் கட்டி விடுதலை வாங்கினான் என்று ஒரு கதை உண்டாம். "சனம் அப்படித்தான் சொல்லும். கடதாசியைப் பார்த்தால், அவன் எப்படியும் வெளியே வரும் நாள்தான் அது" என்றான் கொலின். செபஸ்தியாம்பிள்ளைக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. பிடித்தது வேறு. பாட்டுத் தொடங்க முன் மெசின் வைத்திருப்பவன் கேட்கிறான்: உன் பெயர் என்ன, எந்த ஊர், வயது என்ன. கைதி பெயரைச் சொல்கிறான், நம்பரைச் சொல்கிறான். பிறகுதான் பாட்டு.

"எல்லாரையும் இப்பிடிக் கேக்கிறவையோ?"

"அது முறை. பெயரும் ஊரும் இல்லாவிட்டால் தட்டு யாருடையது என்று பிறகு எப்படித் தெரியும்?"

செபஸ்தியாம்பிள்ளை அந்த இடத்தை மூன்று தரம் போடச் சொன்னார். பிறகு விளக்குமாற்றை எடுத்துக் கூரையில் இடிக்கத் தொடங்கினார். கதவு அடைத்திருந்தது. கொலினும் உள்ளேதான் இருந்தான்.

"நான் இங்கேதான் இருக்கிறேன், சீப்" என்றான் கொலின். செபஸ்தி என்று சொல்ல அவன் வாய் வளையாது. இருவரும் மாறி மாறிக் கத்தி, தெருவில் போன ஒரு சப்பாத்துக்காரன் குனிந்து பார்த்து, கடைக்குள் வந்து திறக்க முக்கால் மணித்தியாலம் ஆனது. திறந்ததும் செபஸ்தியாம்பிள்ளை கோட்டுக்கூடப் போடாமல் ரூற்றிங் பஸ் பிடித்தார்.

விடயம் இதுதான். 1973ஆம் ஆண்டுத் தபசு காலத்தில், சவிரிமுத்துச் சுவாமி இத்தாலியிலிருந்து கொண்டுவந்த பெரிய ரேப் மெசினைக் கோயிலில் வைத்துப் பசாம் முழுவதையும் பதிந்தார். அவரும் ஒவ்வொருவரையும் பாட முன் கேட்டார்: பெயர், தகப்பன் பெயர், எப்போது பிறந்தாய். பிறகு அதைக் கசெற்றில் போட்டுப் பாடினவர்களுக்குக் கொடுத்தார். செபஸ்தியாம்பிள்ளையின் கசெற் பிலோமினம்மாவிடம் இருந்தது. பிலோமினம்மா ஒன்றையும் எறியாத மனுசி. தாயின் முக்காட்டுச் சீலை முதல் தகப்பனின் வெற்றிலைத் தட்டம் வரை ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டுதான் மடுவுக்கு ஓடினாள்.

எழுதிக் கேட்ட கசெற் வந்து சேர்ந்தது தைமாதம், லண்டன் வழியாக ரோமுக்குப் போன ஒரு குருவின் அங்கிப் பையில். கிருஷ்ணமூர்த்தியின் மேசையில் வைத்துக் கேட்டார்கள். முதலில் இரைச்சல், ஒரு குழந்தையின் அழுகை, பிறகு சுவாமியின் குரல்.

"பேர்?"

"செபஸ்தியாம்பிள்ளை."

"தகப்பன்?"

"பஸ்தியாம்பிள்ளை, சுவாமி. உங்களுக்குத் தெரியாதோ?"

"கேக்கிறதுக்குச் சொல்லு. எப்ப பிறந்தனி?"

"நாற்பத்தைஞ்சாம் ஆண்டு, செபஸ்தியார் திருநாள் அண்டைக்கு."

"ஞானஸ்நானப் புத்தகத்தில புரட்டாதி எண்டெல்லோ கிடக்கு?"

"அது புத்தகத்துக்கு, சுவாமி."

பின்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். சுவாமியும் சிரிக்கிறார். "சரி, அடியை எடு."

கிருஷ்ணமூர்த்தி மெசினை நிற்பாட்டினார். கசெற்றை வெளியே எடுத்துக்கொண்டே சொன்னார்: "இருபத்திரண்டு வருசத்துக்கு முந்தியே உனக்குச் சுவாமி சாட்சி சொல்லி வைச்சிருக்கிறார். இது காணும்."

பிறகு பேனையை எடுத்தார்.

"இன்னொண்டு. மகளின்ர திகதி? அதுவும் திருநாளோ?"

செபஸ்தியாம்பிள்ளை கசெற் மட்டையைத் திறந்து மூடினார்.

"சொல்லு."

"பங்குனி பதினாலு, எழுபத்தேழு. புத்தகத்தில."

"நீ குடுத்தது மார்கழி எட்டு. ஒம்பது மாதம் வித்தியாசம்." கிருஷ்ணமூர்த்தி விரல் மடித்தார். "வாற பங்குனியில பதினெட்டு முடியுது. மார்கழி எண்டா வருசக் கடைசி மட்டும் இடமிருக்கு."

"அப்ப அதை விட்டிடுவமே?"

"விடலாம். நாளைக்கு மகளின்ர பிறப்புப் பத்திரத்தை அவங்கள் கேட்டா? தகப்பனும் பொய், மகளும் பொய் எண்டு ரெண்டையும் சேர்த்துக் குப்பையில போடுவாங்கள். வழக்கே உன்ர சொல்லை நம்பலாமோ எண்டதுதான். விசாரணை மாசி ஆறு. மாசியில தீர்ப்பு வந்தா உடன மனுப் போடுவம். அஞ்சு கிழமை இருக்கு."

"உங்கட பிள்ளையெண்டா என்ன செய்வியள் ஐயா?"

"எனக்குப் பிள்ளை இல்லை, செபஸ்தி. அதுதான் உன்னட்டைக் கேக்கிறன்."

செபஸ்தியாம்பிள்ளை கம்பிக் கண்ணாடி இல்லாத அந்த அறையின் பெரிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே முழு மனிதர்கள் நடந்து போனார்கள், தலையோடு. பிறகு கையெழுத்து வைத்தார். எல்லாத் திகதியும் புத்தகத்தில் உள்ளபடி திருத்தப்பட்டன.

மாசி ஆறாம் திகதி காலை, வெளுத்த சேட்டும் கசெற்றுமாக விசாரணை மண்டபத்துக்குப் போனார்கள். மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. அவருக்குச் சுகமில்லையாம். வேறு ஆள் வைத்து, வேறு நாள் வைத்தார்கள். வைகாசி பதினாறு.

அதற்குப் பிறகு மாசி முடிந்து பங்குனி பதினாலு வரைக்கும் செபஸ்தியாம்பிள்ளை எப்படி இருந்தார் என்பதைக் கொலினிடம் கேட்க வேண்டும். ஒவ்வொரு காலையும் கிருஷ்ணமூர்த்திக்கு ரெலிபோன் எடுப்பார். கிருஷ்ணமூர்த்தி விசாரணை நாளை முந்தி வைக்கச் சொல்லி இரண்டு கடிதம் போட்டார். இரண்டுக்கும் கடிதம் கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது. பதினாலாம் திகதி அவர் ஒருவருக்கும் ரெலிபோன் எடுக்கவில்லை. கட்டையை எடுத்துவிட்டுக் கதவைத் தானே அடைத்தார். மாலை வரை கூரையில் இடிக்கவுமில்லை. கொலின் இரண்டு தரம் வந்து திறந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். அன்று ஒரு தட்டு உடைந்தது. ஒன்பது வருடத்தில் அது ஒன்றுதான்.

வைகாசியில் விசாரணை நடந்தது. தீர்ப்புச் சொல்ல மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நரைத்த, அமைதியான மனிதர். கசெற்றைப் போட்டார்கள். புது மொழிபெயர்ப்பாளர் வரிக்கு வரி சொன்னார். 'அது புத்தகத்துக்கு' என்ற இடத்தில் அந்த மனிதரும் லேசாகச் சிரித்தார். சுவாமி "அடியை எடு" என்றதும், செபஸ்தியாம்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்தது தன் குரல், இருபத்தெட்டு வயதுக் குரல், பின்னால் பேசாலை முழுவதும்.

"போதும், நன்றி" என்றார் அந்த மனிதர். மெசின் நின்றது. பாட்டுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

ஆடி மாதம் கடிதம் வந்தது. அவர் அவரேதான் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். அகதி என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். மனைவியைக் கூப்பிடலாம். மகள் வயது வந்தவள், இதற்குள் அடங்காள். கூடவே பயணப் பத்திரத்துக்கு எழுதச் சொன்னார்கள். நீல மட்டை போட்ட சின்னப் புத்தகம். அதில் அடித்திருந்தது: எல்லா நாட்டுக்கும் செல்லும், இலங்கை தவிர.

"உலகம் முழுக்கத் திறந்து விட்டிருக்கிறாங்கள்" என்றார் கிருஷ்ணமூர்த்தி. பகிடி என்று நினைத்துத் தொடங்கினவர், செபஸ்தியாம்பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார்.

பியற்றிஸுக்கு எழுதினார்: நீ வா, பிள்ளை பிலோமினாவோடு இருக்கட்டும், பிறகு வழி பார்ப்போம். எழுதிப் போட்ட பிறகு நாலு மாதம் பதில் இல்லை. கார்த்திகைக் கடைசியில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே கடிதம் இல்லை. ஒரு கசெற்.

அதை நிலவறையில், கொலினின் நல்ல மெசினில் போட்டார். குளிருக்குக் கதவு அடைத்திருந்தது. ஏதோ கொட்டிலில் மழை விழுகிற சத்தம். பிறகு ஒரு பெண் குரல். ஒன்பது வயதில் விட்டு வந்த பிள்ளையின் குரலை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அதனால்தான் அவள் முறைப்படி தொடங்கினாளோ என்னவோ.

"பேர் இம்மாகுலேற். தகப்பன் பேர் செபஸ்தியாம்பிள்ளை. ஊர் பேசாலை, இப்ப மடு. பிறந்தது மாதா திருநாள் அண்டைக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பா, நான் அம்மாவைப் போகச் சொல்லித்தான் சொன்னனான். அவ மாட்டாவாம். என்னைக் கோயிலைச் சுத்தி வாங்கினது, விட்டிட்டு வாறதுக்கில்லையாம். அதை எழுத அவவுக்குக் கை வரேல்லை. நான் சொல்லிப்போட்டன். பிலோமினா மாமி அடியெடுக்கப் பழக்கினவ. இப்ப இஞ்ச நான்தான் எடுக்கிறன். பிழையெண்டால் சொல்லுங்கோ."

பிறகு தபசு காலத்துப் பசாமில் தாய் மகனைத் தேடிப் போகிற இடத்து முதல் அடியைச் சொன்னாள். சொல்லி நிறுத்தினாள். பின்னால் ஒருவரும் வாங்கவில்லை. அவ்வளவு நேரமும் மழைச் சத்தம் மட்டும். சபை வாங்கிப் பாட எவ்வளவு நேரம் பிடிக்குமோ, அவ்வளவு நேரம் அவள் சும்மா இருந்தாள். பிறகு இரண்டாம் அடி. மறுபடியும் இடைவெளி.

ஐந்து அடி வரைக்கும் செபஸ்தியாம்பிள்ளை வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். ரேப்பைத் திருப்பி முதலிலிருந்து போட்டார். இந்த முறை வாங்கினார். குரல் துருப்பிடித்திருந்தது, இரண்டாம் அடியில் உடைந்தது, மூன்றாம் அடியில் நின்றது. மகள் மேலே பாடிக்கொண்டு போனாள், அவர் பின்னால் போனார்.

கொலின் கதவைத் திறந்துகொண்டு படியில் நின்றதை அவர் காணவில்லை. கசெற் முடிந்ததும் கொலின் இறங்கி வந்தான். அதை வெளியே எடுத்து, வழக்கம்போல மட்டை எழுதப் பேனையைத் திறந்தான். ஒன்பது வருடமாக இருவரும் ஆயிரம் தட்டுக்கு எழுதின மட்டை.

"பெயர்?"

"இம்மாகுலேற்."

"ஊர்?"

"பேசாலை."

"பிறந்த திகதி தெரியுமா?"

செபஸ்தியாம்பிள்ளை மேலே கம்பிக் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு சோடி சின்னச் சப்பாத்து, பக்கத்தில் பெரிய சப்பாத்து, மழையில் அவசரமாகப் போயின.

"டிசம்பர் எட்டு" என்றார். "அப்பிடியே எழுது."